சேறும் சக்கரமும்

மாட்டு வண்டிக்கு மட்கார்டு கிடையாது. அது போகிற வேகத்துக்குச் சேறு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் தான் கிளம்பின இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். மண்ணை வாரிப் பிறத்தியார் மேல் இறைக்கிற சாமர்த்தியம் சக்கரத்துக்கு வேகம் வந்த பிறகுதான் வந்தது.

சீமையில் குதிரை வண்டிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் முதலிலேயே புரிந்துவிட்டது. குதிரையின் குளம்பு கிளப்புகிற சேறு வண்டிக்குள் இருப்பவர்களின் பட்டுடை மேல் தெறிக்காமல் இருக்க முன்புறம் ஒரு பலகையை நிறுத்தினார்கள். அதற்குத்தான் ‘டாஷ்போர்டு’ என்று பெயர். பிறகு குதிரை போய் எஞ்சின் வந்தது. சேறு தடுக்கிற உத்தியோகம் போய், மீட்டர்களையும் விளக்குகளையும் தாங்குகிற உத்தியோகம் அந்தப் பலகைக்கு வந்தது. இன்றைக்கு டாஷ்போர்டு என்றால் யாருக்கும் சேற்றின் ஞாபகம் வராது. உள்ளே இருக்கிறவர்களுக்காக வந்த பலகை பதவி உயர்வு பெற்றுவிட்டது. வெளியே இருக்கிறவர்களுக்காக வந்த மட்கார்டு மட்டும் இன்னும் மட்கார்டாகவே இருக்கிறது.

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி செய்தவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலிருந்து மலைப்பக்கமாகப் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே கொஞ்சம் கேழ்வரகு, கொஞ்சம் புளி, நிறையக் கடன். இதுதான் அவன் குடித்தனம். பென்னாகரத்தை ஒகேனக்கலுக்குப் போகிற வழியில் டீ குடிக்கிற இடமாக மட்டும் அறிந்தவர்களுக்கு அந்தப் பிரதேசத்தின் பாதைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை அடுத்த கோட்டூர் மலைக்கு 2021 சட்டசபைத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றித்தான் கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் படம் கூட வந்தது. பாட்டரியில் நடக்கிற பெட்டி கழுதை மேல் போகிறதே என்று நாமெல்லாம் சிரித்தோம். கழுதைக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

கழுதைக்கு அடுத்தபடியாக அந்தப் பாதைகள் மதிக்கிற பிராணி ஜீப்தான்.

ஜீப் யுத்தத்தில் பிறந்தது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. வண்டியின் அகலம் மொத்தமே 62 அங்குலம். டயரின் அகலம் ஆறு அங்குலம், 6.00-16 என்று அதற்குக் கணக்கு. முன் சக்கரங்களின் மேல் மனைப்பலகை மாதிரி தட்டையாக இரண்டு மட்கார்டுகள். சிப்பாய்கள் அதன் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். இடம் போதாதபோது அதன் மேலேயே உட்கார்ந்து பிரயாணமும் செய்தார்கள். சுதந்திரத்தை ஒட்டி மகிந்திரா கம்பெனியார் இந்த வண்டியைப் பம்பாயில் பூட்டிச் சேர்க்க ஆரம்பித்து, பிறகு தாங்களே செய்யவும் ஆரம்பித்தார்கள். அந்தத் தட்டை மட்கார்டு நம் நாட்டுச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்குக் குறையாமல் ஓடியிருக்கிறது. தாசில்தார், போலீஸ்காரர், பாரஸ்டர், எலெக்‌ஷனுக்கு நிற்கிறவர் என்று எத்தனையோ பேர் அதில் சாய்ந்துகொண்டு படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைத்துனனிடம் இருப்பது அந்த வம்சத்து வண்டி. எம்.எம். 540 என்று பெயர். பெயரே இல்லை, நம்பர்தான். ஐந்தாவது கையாகவோ ஆறாவது கையாகவோ அவனிடம் வந்து சேர்ந்தது. வாடகைக்கு விடுவதில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஊரில் பிரசவ வலி எடுத்தால் அந்த வண்டிதான். பக்கத்துக் காட்டுக்காரரின் கேழ்வரகு மூட்டை சந்தைக்குப் போனாலும் அந்த வண்டிதான். “டீசலுக்கு மட்டும் போட்டுக் கொடுங்க” என்பான். பாதிப் பேர் அதையும் போட்டுக் கொடுப்பதில்லை.

இந்த வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் புது டயர் போட்டான். பழைய ஆறு அங்குல டயர் இல்லை. 235 மில்லிமீட்டர், அதாவது ஒன்பதே கால் அங்குல அகலத்தில், 15 அங்குல ரிம்மோடு. இதில் ஒரு வேடிக்கை: உயரம் ஏறக்குறையப் பழைய உயரமே. அகலம்தான் வித்தியாசம். புது ரிம்மும் வெளிப்பக்கமாகவே தள்ளி உட்கார்ந்ததில், ஒவ்வொரு டயரும் மட்கார்டைத் தாண்டி மூன்று அங்குலம் வெளியே வந்து நின்றது. மணலிலும் உருண்டைக் கல்லிலும் ஏறுவதற்கு அகல டயர் சௌகரியம் என்றான். வாஸ்தவம். ஆனால் வழுக்கும் செம்மண் சேற்றைக் கீறிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கிற வித்தை ஒல்லி டயருக்குத்தான் அதிகம் தெரியும். பட்டாளத்துக்காரர்கள் ஒன்றும் சிக்கனத்துக்காக ஆறு அங்குலம் போடவில்லை. அவன் டயர் மாற்றியதில் பாதி தேவை, பாதி ஆசை என்பது என் அபிப்பிராயம். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே ஆசை என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் தரையைத் தொடுகிற இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அச்சு 40-ல் போகிறது. உச்சியோ 80-ல் போகிறது. டயரின் பள்ளத்தில் சிக்கிக்கொண்ட ஒரு கூழாங்கல் உச்சிக்கு வந்து விடுபட்டால், வண்டியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாயும். மட்கார்டு இருக்கிறவரை அதன் அடிவயிற்றில் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற டயருக்கு மேலே ஆகாயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை வேளை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைகள் பாதையோரத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டு ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கல் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். கொண்டு போனதும் அதே ஜீப்தான்.

அன்று சாயங்காலம் பெண்ணின் தகப்பனார் மைத்துனன் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். சண்டை போடவில்லை. மோர் கொடுத்தார்கள், குடித்தார். வெகு நேரம் கழித்து, “சக்கரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய கேழ்வரகு அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவரால் முடியாது என்பது மைத்துனனுக்குத் தெரியும். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கியிருப்பான். திட்டாததனால் எனக்கு டெலிபோன் செய்தான்.

“மாமா, மெட்ராஸ்ல புதுப்பேட்டையில தார் வண்டியில கழட்டுன வீல் ஆர்ச்சு கெடைக்குமாம். நாலும் ஒரே செட்டா பாத்து வாங்கியாங்க.”

தார் என்பது அதே கம்பெனி 2010-ல் வெளியிட்ட ஜீப். 2015-ல் அதைத் திருத்தி வெளியிட்டபோது, அகலமான டயருக்கு மேல் குடை பிடிக்கிற மாதிரி கறுப்புப் பிளாஸ்டிக்கில் வளைவுகளை வைத்துக் கம்பெனியே அனுப்பியது. அந்த வளைவுகள்தான் அவனுக்கு வேண்டும்.

“பழைய டயரையே திரும்பப் போட்டுக்கச் சொல்லுங்கள். காசும் மிச்சம், கண்ணும் மிச்சம்” என்றாள் என் மனைவி. கேட்டதும் சரியாகப்படுகிற யோசனை. ஆனால் பழைய ரிம் நாலையும் பாலக்கோட்டில் ஒருவருக்கு விற்றுவிட்டான். புது டயருக்கு வாங்கின கடன் இன்னும் அடையவில்லை. கடன் உள்ள டயரைக் கழற்றி வீட்டில் அடுக்கி வைக்கிற மனோதிடம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

எனக்கு வேறொரு கவலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம், மூக்கில் இரும்புக் கம்பி வைத்துக்கொண்டு அலைகிற வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. ரொம்பச் சரி. அந்தக் கம்பியில் மோதுகிறவனுடைய கால் எலும்பைப் பற்றி அதை மாட்டினவன் ஒரு நாளும் யோசித்தவன் அல்ல. ஆனால் பிறத்தியாரைக் குத்துவதற்கு ஒன்றை மாட்டுகிறவனும், பிறத்தியார் மேல் படாமல் இருக்க ஒன்றை மாட்டுகிறவனும் சட்டத்தின் முன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் இதில் கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்திருக்கின்றன. 1978-ல் அங்கே சக்கர மறைப்புக்கென்றே ஒரு தனி விதி செய்தார்கள். தெருவில் போகிற மற்றவர்களைக் கல், சேறு, பனி, தண்ணீர் இவற்றிலிருந்து காப்பாற்றும்படி மறைப்பு அமைய வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். ஒரு மோட்டார் வண்டியில் இருக்கிற ஆயிரம் சாமான்களில் மற்றவர்களை உத்தேசித்துச் செய்தவை எத்தனை என்று விரலை மடக்கிப் பாருங்கள். ஹாரன் என்று சொல்வீர்கள். அதை நம் ஊரில் யாருடைய நன்மைக்காக அடிக்கிறார்கள் என்பது விவாதத்துக்குரியது.

புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு சந்து முழுக்கக் கதவுகள், அடுத்த சந்து முழுக்கக் கண்ணாடிகள். உயிரோடிருந்த வண்டிகளைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாலு கறுப்பு வளைவுகளைச் சணல் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவரைக்கும் ரயிலில் ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். ஒரு பெரியவர் சுவாமி திருவாசி என்று நினைத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். ஜீப்புக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

தர்மபுரியில் சேலம் சாலையில் ஒரு டிங்கரிங் பட்டறை. டிங்கர் என்றால் இங்கிலீஷில் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவன். நம் ஊரில் மோட்டாரின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். தகட்டு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயருள்ள ஊர் உலகத்தில் இருக்க முடியாது. பெயர் வந்த காரணம் அதுதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வேலை பழகினவர். வளைவுகளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார்.

“இது பொருந்தாதுங்களே” என்றான் மைத்துனன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

“வேற வண்டி சாமான் பொருந்தாதுங்க. நாமதான் பொருத்தணும்” என்றார்.

பொருத்த அவருக்கு மூன்று நாள் பிடித்தது. தாரின் சக்கர வாய் பெரியது, உருண்டையானது. பழைய ஜீப்பின் பின்சக்கர வாய் சின்னது, மூலைகள் கொஞ்சம் சதுரமாகப் போகிறது. முன்பக்கமோ அந்தத் தட்டை மட்கார்டு. போல்ட் பிடிக்க அதில் விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பைத் தவிர இடமே கிடையாது. முதல் நாள் முழுக்க அவர் இரும்பைத் தொடவில்லை. பிரிஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, சக்கர வாயில் வைத்து வைத்துக் கோடு போட்டு, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தான். எனக்கென்னவோ புறநானூற்றில் ஔவையார் இந்த ஊர் அதியமானைப் பற்றிச் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக் கூடிய தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் எப்படியிருக்கும், அப்படிப்பட்ட வீரன் என்கிறாள் கிழவி. அரசனைப் புகழ வந்தவளுக்குப் பட்டறையில் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த உவமை எங்கிருந்து வரும்?

இரண்டாம் நாள்தான் வேடிக்கை. முன்சக்கரத்துக்கென்று வாங்கின வளைவு பின்சக்கரத்தில் உட்கார்ந்தது. பின்னுக்கு வாங்கினது முன்னுக்கும் உட்காரவில்லை. அதை நடுவில் ஹேக்ஸா பிளேடால் அறுத்து ஒரு சாண் எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் உள்ளே ஒரு பட்டை வைத்துச் சேர்த்தார். சூடு காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி பொரிந்துவிடும். குறைந்தால் வளைந்த மாதிரி பாவனை செய்துவிட்டு ராத்திரியில் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். முன் மட்கார்டின் அடியில் பட்டா இரும்பில் மூன்று தாங்கிகள் வைத்து வளைவை அதில் பூட்டினார். மட்கார்டு தகட்டில் துளை போட்ட இடத்திலெல்லாம் பெயின்ட் காட்டாமல் போல்ட்டை முடுக்க விடவில்லை. பச்சை இரும்பு தெரிந்தால் ஒரே மழையில் துரு பிடிக்கும் என்று சிவப்பு ஆக்சைடைச் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு துளையின் வாயிலும் தடவினார், குழந்தைக்கு மை இடுகிற மாதிரி. தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ரப்பர் பீடிங். அது இல்லாவிட்டால் இடுக்கில் மண் புகுந்து, வண்டி ஆடுகிற ஆட்டத்தில் உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தகட்டைத் தின்றுவிடுமாம்.

நடுவில் கனமான போல்ட் போட்டவர் இரண்டு ஓரங்களிலும் மட்டும் ஒல்லியான போல்ட்டாகப் போட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு மைத்துனன் வாயைத் திறந்தான்.

“மரத்துல ஒரசினா இது பிச்சுக்கிட்டுப் போகட்டும். இது ஐந்நூறு ரூவா சாமான். வண்டித் தகடு கிழிஞ்சா என்ன பண்ணுவ?” என்றார் மேஸ்திரி. மைத்துனன் வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பரீட்சை. ஒரு பக்கத்து முன்சக்கரத்தைக் கருங்கல் குவியல் மேல் ஏற்றி, அந்தப் பக்கத்து வில் முழுவதும் அமுங்கும்படி நாலு பேரை அந்த மூலையில் நிற்க வைத்தார். நாலு பேரில் நானும் ஒருவன். இலக்கியத்துக்கு இல்லாத கனம் சரீரத்துக்காவது இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உபயோகப்படுத்தினார். டயர் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கச் சொன்னார். வளைவின் உட்புறத்தில் ஓரிடத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தை அரை அங்குலம் சீவினார். மறுபடி சாக்பீஸ். மறுபடி வெள்ளை, ஆனால் இந்தத் தரம் நூல் மாதிரி. மறுபடி சீவல். ஐந்தாவது தரம் சுத்தமாக வந்தது. அப்புறம் மறுபக்கம்.

சமதரையில் நிற்கிறபோது கை நுழைகிற இடைவெளி இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகமாம். மலைப் பாதையில் முதல் பள்ளத்தில் டயர் வளைவைக் கவ்விக்கொள்ளும். டயர் கிழியும், இல்லாவிட்டால் வளைவு கிழியும். பள்ளத்தில் பக்கவாட்டில் போகிறவன் யாரோ, அவன் மேல் விழும். மேஸ்திரி இதைச் சொல்லிக்கொண்டே ஐந்து தரம் சீவினார்.

பார்வைக்கு வண்டி அப்படியொன்றும் லட்சணமாக இல்லை. பழைய பச்சை உடம்பில் கறுப்புக் கரை வைத்த மாதிரி. முன்னதும் பின்னதும் ஒரே வளைவு இல்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் சேர்த்த ஒட்டும் தெரிகிறது. மைத்துனனுக்கு அதில் ஒரு குறை. பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைக்கலாமா என்று கேட்டான். இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது, உரிந்து போகும், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை. நான் போயிருந்த சமயம் சந்தை நாள். வண்டி திரும்பி வந்ததும் குனிந்து வளைவின் அடியில் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க விரற்கடைக் கனத்துக்குச் செம்மண் அப்பிக்கொண்டிருந்தது. நடுநடுவே சுண்டைக்காய் அளவில் கற்கள். முன்னெல்லாம் இத்தனையும் யார் யார் மேல் போயிற்றோ. அந்தப் பெண்ணின் தகப்பனார் பின்னால் கேழ்வரகு விற்ற காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்திருந்தார். இறங்கும்போது வளைவைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. புருவத்தில் ரோமம் முளைக்காத சின்னக் கோடு ஒன்று இருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவள் மட்டும் இன்னும் வேலியோரம் இறங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். மைத்துனன் அவளைத் தாண்டுகிறவரை வண்டியை உருட்டிக்கொண்டுதான் போகிறான்.

வருகிற தை மாதம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டின வண்டிகளை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் கொண்டு போய்க் காட்டவேண்டுமல்லவா? டயரை என்ன சொல்வார்களோ, வளைவை என்ன சொல்வார்களோ என்று அவனுக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. பாலக்கோட்டில் விற்ற பழைய ரிம்கள் இன்னும் அந்த ஆளிடமே கிடக்கின்றனவாம். போய்க் கேட்டிருக்கிறான். விற்ற விலையைப் போல் இரண்டு பங்கு சொல்கிறாராம்.